பொட்டு வைக்கும் இடத்தில் போடும் ஊசி கண்ணைப் பறிக்கலாம்: ஃபில்லர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிடாம் கிரி: "கண்ணுக்குக் கீழே கருவளையமா? குழியா? ஒரே ஊசி, அரை மணி நேரம், வீட்டுக்கே வந்து போடுகிறோம்." இந்த வகை விளம்பரம் முகநூலிலோ டிக்டாக்கிலோ புலனக் குழுவிலோ கண்ணில் படாத இளம்பெண்கள் இன்று குறைவு. தீபாவளியும் கல்யாணக் காலமும் நெருங்கினால் இவை இன்னும் பெருகும்.

கெடா மாநிலத்தின் கோலமூடா மாவட்டத்தில் உள்ள சிடாம் கிரி போன்ற வட்டாரங்களில் இந்த விளம்பரம் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டப் போன தாய்மாரின் பிள்ளைகள் இன்று சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். தூக்கம் கெட்டால் அது முதலில் தெரிவது கண்ணில்தான். நல்ல கிளினிக்கில் கேட்டால் கட்டணம் கைக்கு எட்டாது. தெரிந்த அக்கா ஒருவர் பாதி விலையில் போட்டுவிடுகிறார் என்றால் மனம் அங்கேதான் போகும்.

ஆனால் கண்ணைச் சுற்றி, மூக்கில், நெற்றியில் போடப்படும் இந்த ஊசி தவறான இடத்தில் இறங்கினால் பார்வையே போய்விடும் என்பது விளம்பரத்தில் இருப்பதில்லை. இது அரிதாக நடக்கும் விபத்துதான். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் போடப்படும் இலட்சக்கணக்கான ஊசிகளோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சிறியது. ஆனால் நடந்துவிட்டால் பெரும்பாலும் போன பார்வை திரும்புவதில்லை. அதனால் இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஃபில்லர் என்பது என்ன?

ஃபில்லர் என்றால் நிரப்பி. தோலுக்கு அடியில் குழி விழுந்த இடத்தை நிரப்பவும், மூக்கையோ உதட்டையோ தாடையையோ எடுப்பாகக் காட்டவும் ஊசி வழியாகச் செலுத்தப்படும் கூழ் போன்ற பொருள் இது. போடோக்ஸ் வேறு. போடோக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. ஃபில்லர் இடத்தை அடைக்கும் பொருள். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்று அதிகம் பயன்படுவது ஹையலூரோனிக் அமிலம். 1934-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து என்றால், மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற கூழிலிருந்து. கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. மனிதத் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இது இயல்பாகவே இருக்கிறது. "உடம்பில் இருப்பதுதானே, ஒன்றும் செய்யாது" என்று ஊசி போடுபவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். உடம்பில் இருக்கும் பொருளே ஆனாலும், இரத்தக்குழாய்க்குள் கட்டியாக நுழைந்தால் அது அடைப்புதான்.

ஹையலூரோனிக் அமிலத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஹையலூரோனிடேஸ் என்ற மருந்தைச் செலுத்தினால் அது கரையும். உடம்பிலிருந்து எடுத்துப் போடும் கொழுப்பு, கால்சியம் கலந்த ஃபில்லர், திரவ சிலிக்கோன் ஆகியவற்றை அப்படிக் கரைக்க முடியாது. ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்டுக்கொள்பவருக்கு, சிக்கல் வந்தால் எந்த மாற்று மருந்து பயன்படும் என்பதும் தெரியாமல் போகிறது.

இலயத்துக் குழாயும் முகத்து இரத்தக்குழாயும்

நெற்றியில் போட்ட ஊசி கண்ணுக்குப் போவது எப்படி என்று பலர் கேட்கலாம். பழைய தோட்ட இலயத்தை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரே பெரிய குழாயிலிருந்து கிளை பிரிந்து வீடு வீடாகத் தண்ணீர் போகும். கடைசி வீட்டுக் குழாயின் வாயில் ஒருவர் கெட்டியான பசையை வைத்து அழுத்துகிறார். தண்ணீரின் வேகத்தைவிட அவர் கொடுக்கும் அழுத்தம் கூடினால், பசை பின்னோக்கி ஓடிக் கிளை பிரியும் இடத்துக்குப் போய்விடும். அவர் கையை எடுத்ததும் தண்ணீர் மறுபடி பாயும். அப்போது பசையை அடுத்த வீட்டுக் குழாய்க்குள் தள்ளிவிடும். தவறு நடந்தது ஒரு வீட்டில், தண்ணீர் நின்றது இன்னொரு வீட்டில்.

முகத்திலும் இதுதான் நடக்கிறது. கண்ணுக்கு இரத்தம் கொடுக்கும் தமனி, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய கழுத்துத் தமனியின் ஒரு கிளை. அந்தக் கண் தமனியிலிருந்து பிரியும் சிறு குழாய்கள் கண்குழியை விட்டு வெளியே வந்து புருவ மத்தி, நெற்றி, மூக்கின் மேல்பகுதி ஆகிய இடங்களில் பரவுகின்றன. மூக்கோரமாக ஏறிவரும் முகத் தமனியின் நுனியும் அங்கே அவற்றோடு இணைகிறது. அதாவது, பொட்டு வைக்கும் இடமும் மூக்குத்தண்டும் கண்ணின் விழித்திரையும் ஒரே குழாய் வலையில் இருக்கின்றன.

ஊசி முனை அந்தச் சிறு குழாய்க்குள் நுழைந்த நிலையில் வேகமாக அழுத்தினால், ஃபில்லர் இரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் ஓடிக் கண் தமனியை எட்டும். அழுத்தம் நின்றதும் இரத்தம் அதை விழித்திரைத் தமனிக்குள் தள்ளும். சிலருக்கு அது இன்னும் பின்னால் போய் மூளைக்குச் செல்லும் குழாயிலும் நுழைந்து பக்கவாதத்தை உண்டாக்குகிறது.

இதற்கு எவ்வளவு ஃபில்லர் தேவை? புருவ மத்தியிலிருந்து கண்குழியின் ஆழம் வரை உள்ள குழாயின் கொள்ளளவை 2017-இல் வெளியான ஆய்வொன்று அளந்து பார்த்தது. சராசரியாக 0.085 மில்லிலிட்டர். ஒரு ஃபில்லர் சிரிஞ்சியில் பொதுவாக 1 மில்லிலிட்டர் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். இரண்டு சொட்டுத் தண்ணீருக்கும் குறைவான அளவே ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் ஒரே இடத்தில் நிறையச் செலுத்துவதில்லை. மெதுவாக, மிகச் சிறு அளவுகளாக, ஊசி முனையை நகர்த்தியபடி செலுத்துகிறார்கள். பல இடங்களில் கூர் ஊசிக்குப் பதிலாக மழுங்கிய முனை கொண்ட கேனுலாவைப் பயன்படுத்துகிறார்கள். இவை ஆபத்தைக் குறைக்கும்; முற்றிலும் நீக்கிவிடா.

எந்த இடத்தில் ஆபத்து அதிகம்?

கனடாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் கேட்டி பெலெஸ்னேயும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட தொகுப்பில், அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவான 98 பார்வை இழப்புச் சம்பவங்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 39 விழுக்காட்டினர் புருவ மத்தியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். மூக்கில் போட்டவர்கள் 25 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் கோடும் நெற்றியும் அடுத்து வந்தன.

2019-இல் அவர்களே வெளியிட்ட அடுத்த தொகுப்பில் மேலும் 48 சம்பவங்கள் சேர்ந்தன. இம்முறை பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூக்கில் ஃபில்லர் போட்டவர்கள். ஆசிய நாடுகளில் மூக்கை எடுப்பாக்கும் மோகம் வளர்ந்திருப்பதை இந்த மாற்றம் காட்டுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் செலுத்தப்பட்டது கரைக்கக்கூடிய ஹையலூரோனிக் அமிலம்தான். கரைக்கக்கூடியது என்பதால் மட்டும் ஒரு ஃபில்லர் ஆபத்தற்றது ஆகிவிடாது.

உடனே தெரியாத சிக்கல்கள்

கண்ணுக்குக் கீழே உள்ள குழியில் போடும் ஃபில்லரால் பார்வை போவது இன்னும் அரிது. ஆனால் அந்த இடத்துக்கென்றே வேறு தொல்லைகள் இருக்கின்றன. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண் இமையைச் சுற்றி உள்ளதுதான். அங்கே ஃபில்லர் மேலாகத் தங்கிவிட்டால் தோலுக்கு அடியில் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். கருவளையத்தை மறைக்கப் போனவருக்கு அது கூடிவிட்டதாகத் தோன்றும்.

ஹையலூரோனிக் அமிலம் தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் சிலருக்குக் காலையில் எழும்போது கண்ணடி வீங்கி, பை தொங்குவதுபோல் இருக்கும். சிலருக்குச் சிறு சிறு கட்டிகள் கைக்குத் தட்டுப்படும். சுத்தமில்லாத இடத்தில் போட்டிருந்தால் வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூடச் சிவந்து வலிக்கும் கட்டிகள் வரலாம். திரவ சிலிக்கோன் போட்டிருந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டி தோன்றுவதுண்டு. அதை அறுத்து எடுப்பதும் எளிதல்ல.

"ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும்" என்ற பேச்சையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஆஸ்திரேலியக் கதிரியக்க மருத்துவர் மோபின் மாஸ்டர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கன்னப் பகுதியில் ஃபில்லர் போட்டு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆன 33 பேரின் எம்.ஆர்.ஐ. படங்கள் பார்க்கப்பட்டன. 33 பேரின் முகத்திலும் ஃபில்லர் இன்னும் இருந்தது.

கருவளையம் எல்லாம் குழி அல்ல

நம் நிறத் தோலுக்கு இது முக்கியமான செய்தி. கண்ணடி கருமைக்குப் பல காரணங்கள் உண்டு. தெற்காசிய மக்களுக்கு அந்த இடத்தில் நிறமி கூடுதலாக இருப்பது பரவலானது. பல குடும்பங்களில் அது அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறது. ஒவ்வாமையால் அடிக்கடி கண்ணைத் தேய்ப்பவர்களுக்கும் கருமை கூடும். இரும்புச்சத்துக் குறைவால் முகம் வெளிறும்போது கண்ணடி மேலும் கருத்துத் தெரியும். இவை எதற்கும் ஃபில்லர் தீர்வாகாது. கன்னத்துக்கும் கண்ணுக்கும் இடையே குழி விழுந்து அதன் நிழல் கருப்பாகத் தெரிந்தால் மட்டுமே ஃபில்லர் ஓரளவு உதவும்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். கண்ணாடி முன் நின்று, வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி திரும்பிப் பாருங்கள். கருமை பெருமளவு மறைந்தால் அது நிழல். மறையாமல் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் நிறம். இரும்புச்சத்து குறைவா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து இதைக் கேட்கலாம். ஊசிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

நிமிடக் கணக்கு

விழித்திரைக்கு இரத்தம் நின்றுபோனால் அது எவ்வளவு நேரம் தாங்கும்? பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவர் சோஹன் சிங் ஹேரே, குரங்குகளை வைத்து இதை ஆராய்ந்தார். சுமார் ஒன்றரை மணி நேரம் வரை விழித்திரை தாங்கியது. நான்கு மணி நேரம் ஆனபோது சேதம் முழுமையாகி, மீட்க முடியாததாகிவிட்டது. அடைப்பு முழுமையாக இருந்தால் மனிதனுக்கு 12 முதல் 15 நிமிடங்களே இருக்கலாம் என்று 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வுக் கட்டுரை வாதிடுகிறது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஊசி போடும்போதோ போட்ட பிறகோ தெரிந்தால் அது அவசர நிலை:

• ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்குவது, இருள்வது, அல்லது இரட்டையாகத் தெரிவது
• கண்ணிலோ தலையிலோ கடும் வலி, குமட்டல், வாந்தி
• இமை தொங்குவது, கண்ணை அசைக்க முடியாமல் போவது
• ஊசி போட்ட இடமோ அதைச் சுற்றியோ தோல் வெளுப்பது, பிறகு வலைபோல் ஊதா நிறம் படர்வது
• வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது

இந்த நிலையில் ஊசி போட்டவருக்குப் புலனத்தில் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கக்கூடாது. "ஐஸ் வையுங்கள், நாளைக்குச் சரியாகிவிடும்" என்ற பதிலில் போகும் நேரம் திரும்பாது. உடனே 999-க்கு அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிடாம் கிரி வட்டாரத்தினருக்கு அது சுங்கை பட்டாணியில் உள்ள சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை. பார்வை பாதிக்கப்பட்டவர் தானே மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டிக்கொண்டு போகக்கூடாது.

அங்கே போனதும் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்: என்ன போடப்பட்டது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. ஃபில்லரின் பெட்டியோ சிரிஞ்சியோ இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். ஹையலூரோனிக் அமிலம் என்று தெரிந்தால்தான் கரைக்கும் மருந்தைப் பற்றி மருத்துவர்கள் உடனே முடிவெடுக்க முடியும். சிகிச்சை கொடுத்தும் பலருக்குப் பார்வை முழுமையாகத் திரும்புவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் நேரத்தோடு போவது ஒன்றுதான் கையில் இருக்கும் வாய்ப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் ஃபில்லர் ஊசி போடுவது மருத்துவச் செயல். பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே அதைச் செய்யலாம். சாதாரண மருத்துவரும் உடனே செய்துவிட முடியாது. அழகியல் மருத்துவத்துக்கென சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. எனும் அங்கீகாரக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். முக அழகுப் பராமரிப்பில் திறன் சான்றிதழ் பெற்ற அழகுக்கலை நிபுணர் ஃபேஷியல் செய்யலாம், ஒப்பனை செய்யலாம். ஊசி போட அவருக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டில் மூன்று நாள் பயிற்சி பெற்றதாகச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழும் அந்த அனுமதியைத் தராது.

பதிவு பெறாத இடத்தில் மருத்துவச் சேவை நடத்துவது 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 586-இன் கீழ், குற்றமாகும். தனிநபருக்கு 3 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஃபில்லர் இங்கே மருத்துவச் சாதனமாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. பதிவு இல்லாத மருத்துவச் சாதனத்தை இறக்குமதி செய்தாலோ சந்தைப்படுத்தினாலோ 2012-ஆம் ஆண்டின் சட்டம் 737-இன் கீழ் 2 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. இணையக் கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளும் ஃபில்லரில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தால் ஃபில்லரைச் செலுத்தும் "ஹையலூரோன் பேனா" பாதுகாப்பானது என்ற விளம்பரமும் உலவுகிறது. தோலுக்கும் உதட்டுக்கும் கண்ணுக்கும் நிரந்தரச் சேதம் விளைவிக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் அத்தகைய சாதனங்களுக்கு எதிராக எச்சரித்தது.

அழகு நிலையத்தில் மருத்துவச் செயல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோக உதாரணம் உண்டு. 2020 அக்டோபரில் செராஸ் வட்டாரத்து அழகு நிலையமொன்றில் கொழுப்பு அகற்றும் சிகிச்சை செய்துகொண்ட இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது ஃபில்லர் அல்ல. ஆனால் ஆபத்து வந்த நேரத்தில் அதைக் கையாளும் பயிற்சியும் மருந்தும் இல்லாத இடம் என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஃபில்லர் போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலியில் சாய்வதற்கு முன் இவற்றைக் கேட்டுத் தெளிவது நல்லது.

முதலாவது, ஊசி போடப் போகிறவரின் முழுப்பெயர் என்ன? மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் இணையத் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் அவர் பதிவு பெற்ற மருத்துவரா, நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று யாரும் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

இரண்டாவது, அவரிடம் எல்.சி.பி. இருக்கிறதா? கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா? வீட்டு அறையிலோ ஹோட்டல் அறையிலோ போடுவதாகச் சொன்னால் அடுத்த கேள்வியே தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவது, என்ன ஃபில்லர்? பெட்டியைக் கண் முன்னே பிரிக்கச் சொல்ல வேண்டும். பெயரையும் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? கரைக்கும் மருந்து இப்போது இந்த அறையில் இருக்கிறதா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். "அப்படியெல்லாம் நடக்காது" என்று சிரித்து மழுப்புபவரிடம் கண்ணை ஒப்படைக்கக்கூடாது.

வெட்கம் வேண்டாம்

இந்த விஷயத்தில் பார்வையைப் பறிப்பது ஊசி மட்டுமல்ல. வெட்கமும் பயமும் சேர்ந்துதான் பறிக்கின்றன. வீட்டுக்குத் தெரியாமல் போட்டிருப்பார்கள். சேமித்த பணம் போனது தெரிந்தால் ஏச்சு விழும் என்ற பயம். உரிமம் இல்லாதவரிடம் போனதால் போலீஸ் நம்மைப் பிடிக்குமோ என்ற பயம். அறையைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் விழித்திரை செத்துப்போகிறது.

மேலே சொன்ன சட்டங்கள் குறிவைப்பது ஊசி போடும் தொழிலை நடத்துபவரையும் சாதனத்தை விற்பவரையும்தான், பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வரும் பெண்ணை அல்ல. உயிரும் கண்ணும் தப்பிய பிறகு மாநிலச் சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புகார் செய்யலாம். பணம் கொடுத்த ரசீதும் புலன உரையாடலும் அழிக்காமல் இருந்தால் அதுவே சாட்சியாகும்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. மகளோ தங்கையோ கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து "மங்கலாகத் தெரிகிறது" என்றால், ஏன் போட்டாய் என்று கேட்பதற்கான நேரம் அது அல்ல. கார்ச் சாவியை எடுக்க வேண்டிய நேரம். கேள்விகளை மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும் வழியில் கேட்டுக்கொள்ளலாம்.